மவுத்கார்டை வீட்டிலேயே பொருத்துவது எப்படி?

பாக்ஸிங், கராத்தே, சிலம்பம் என்று எதில் சேர்ந்தாலும் முதல் மாதம் வாயில் அடி விழாது. ஸ்பாரிங் (ஜோடியாக மோதிப் பழகுவது) தொடங்கிய பிறகுதான் விழும், அதுவும் பெரும்பாலும் மேல்வரிசை முன்பல்லில். யாரும் வேண்டுமென்று அடிப்பதில்லை. ஜோடியாக நிற்பவரின் முழங்கையோ, கை நழுவிய கம்போ போதும்.

சென்னை வியாசர்பாடியில் எங்கள் கிளாஸில் பாதிப் பேரிடம் மவுத்கார்டு, அதாவது பல்லைக் காக்க மேல்வரிசையில் மாட்டும் உறை, இருக்கிறது, பைக்குள். கேட்டால் "குமட்டுது மாஸ்டர்" என்பார்கள். பொருத்தின விதம் சரியில்லை, அவ்வளவுதான்.

பெரியமேட்டு ஸ்போர்ட்ஸ் கடைகளில் சுடுநீரில் போட்டுக் கடிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அப்படியே மாட்டுகிற மலிவு ரகம் வாயில் நிற்காது. பல் டாக்டர் அச்செடுத்துச் செய்வதுதான் உசத்தி, விலையும் அப்படியே. பல்லில் கம்பி போட்டிருந்தால் வீட்டில் முயலவே வேண்டாம். இளகிய பிளாஸ்டிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். அந்த டாக்டரிடமே கேளுங்கள்.

முதலில் சூடாக்காமல் மேல்வரிசையில் வைத்துப் பாருங்கள். பின்முனை தொண்டைப் பக்கம் உறுத்தினால் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். குமட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த முனைதான்.

அடுத்து தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். பால் காய்ச்சும் பாத்திரம் வேண்டாம், மறுநாள் காபியில் ரப்பர் வாசனை வந்து வீட்டில் திட்டு வாங்கியவன் சொல்கிறேன். அரை நிமிடம் பொறுத்து கார்டை உள்ளே விடுங்கள். எத்தனை விநாடி என்பது அட்டையில் இருக்கும். அதைத் தாண்டினால் உருக்குலைந்துவிடும். கரண்டியால் எடுத்து, பச்சைத்தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, சூடு பொறுக்குமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது கண்ணாடி முன்னால் நில்லுங்கள். கார்டின் நடுக்கோடு மூக்குக்கு நேராக இருக்கட்டும். மெதுவாகக் கடியுங்கள், அழுத்திக் கடித்தால் அடிப்பாகம் மெலிந்து பயனில்லாமல் போகும். காற்றை உள்ளே உறிஞ்சியபடி, வெளியே உதட்டின் மேல் விரல்களாலும் உள்ளே நாக்காலும் அரை நிமிடம் அழுத்துங்கள். எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள்.

மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தால் கீழே விழக்கூடாது. மூச்சு தடைப்படக்கூடாது. விழுந்தால் மறுபடி சூடாக்கிப் பொருத்தலாம்.

ஒவ்வொரு முறையும் குளிர்ந்த நீரில் கழுவி, ஓட்டை போட்ட டப்பாவில் வையுங்கள். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் விட்டு என் முதல் கார்டு கோணிப்போனது.

இத்தனையும் மீறிப் பல் விழுந்துவிட்டால்? வேரைத் தொடாமல், வெள்ளையாகத் தெரியும் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் பாலிலோ குளிர்ந்த நீரிலோ லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். முடிந்தால் அதே குழியில் செருகி, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பக்கத்துக் கடையில் ஓர் ஆவின் பாக்கெட் வாங்கிப் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு, அரை மணிக்குள் திறந்திருக்கும் பல் கிளினிக்குக்கு ஓடுங்கள். பகல் நேரமென்றால் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

விழுந்தது குழந்தையின் பால்பல் என்றால் மட்டும் திரும்பச் செருகாதீர்கள். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.