போக்கரைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு

போக்கர் சீட்டாட்டத்தை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு, நண்பர்களின் பாராட்டையோ ஒரு நல்ல மாதத்தின் வரவையோ வைத்து விடை சொல்லக் கூடாது. விடை உங்கள் கணக்கு நோட்டிலிருந்து வர வேண்டும். வேலையை விடுவதற்கு வெகுநாள் முன்பே அந்த நோட்டைத் தொடங்குங்கள். தேதி, பந்தய அளவு, ஆடிய நேரம், கொண்டுபோன பணம், எடுத்துவந்த பணம் ஆகியவற்றோடு போக்குவரத்து, சீட்டுப் போடும் டீலருக்குக் கொடுத்த டிப்ஸ், போட்டிகளின் நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதிவிட வேண்டும். நினைவிலிருந்து கணக்குச் சொல்பவருக்கு வென்ற இரவுகளே முந்திக்கொண்டு வரும். எல்லோரும் கட்டிய பந்தயப் பணம் சேரும் குவியலான ‘பாட்’-இலிருந்து ஆட்டக்கூடம் தன் பங்காகப் பிடித்துக்கொள்ளும் ரேக் வேறு இருக்கிறது. எதிராளிகளைவிடச் சற்றே நன்றாக ஆடுபவரும் ரேக் கழிந்தபின் நஷ்டத்தில் நிற்பது சர்வசாதாரணம்.

அதற்கும் முன்னால் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். பணம் வைத்து ஆடுவது ஓரிடத்தில் உரிமத்தோடு நடக்கும், இன்னோரிடத்தில் முற்றிலும் தடைசெய்யப்பட்டிருக்கும். நேரில் ஆடுவதற்கும் இணையத்தில் ஆடுவதற்கும் விதிகள் வேறாக இருக்கலாம். வரியும் அப்படித்தான்: பிரிட்டனில் சூதாட்ட வெற்றிக்கு வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. நீங்கள் வாழும் இடத்தில் தடை இருந்தால் இந்த யோசனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கணக்கு எழுதியாகிவிட்டது, அதில் லாபமும் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த லாபம் திறமையால் வந்ததா, சீட்டு நன்றாக விழுந்ததால் வந்ததா என்பதைச் சில வாரங்களில் அறிய முடியாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சீட்டுப் போடுவதிலிருந்து பாட் ஒருவருக்குப் போய்ச் சேர்வது வரையிலான சுற்றை ஓர் ஆட்டம் என்று கொள்வோம். பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லாத போக்கர் வகையான நோ லிமிட் டெக்ஸஸ் ஹோல்டெமில், சீட்டுப் போடுமுன் கட்டும் கட்டாயப் பந்தயங்களில் பெரியதை பிக் பிளைண்ட் என்பார்கள். 100 ஆட்டங்களுக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் வெல்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே 100 ஆட்டங்களில் அவருடைய பணம் ஏறி இறங்கும் அளவு, அதாவது திட்ட விலக்கம், ஏறத்தாழ 90 பிக் பிளைண்ட் இருக்கும். இந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்கிட்டால், 10,000 ஆட்டங்களின் முடிவில் அவர் நஷ்டத்தில் நிற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 29 சதவீதம் என்று வரும். 1,00,000 ஆட்டங்கள் ஆடினால் அது 4 சதவீதமாகக் குறைகிறது. நேரில் ஆடும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டங்கள்தான் நடக்கும். வாரத்துக்கு 30 மணி நேரம் உட்கார்ந்தாலும் 10,000 ஆட்டங்களுக்கு 11 வாரம், 1,00,000 ஆட்டங்களுக்கு இரண்டு ஆண்டுக்கும் மேல் ஆகும். திறமையுள்ளவரும் மூன்று மாதம் சம்பாதிக்காமல் இருக்க நேரும் என்பதையும், திறமையற்றவரும் மூன்று மாதம் லாபத்தில் இருக்கக்கூடும் என்பதையும் இந்தக் கணக்கு ஒருசேரக் காட்டிவிடுகிறது.

ஆகவே கைமுதலை இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் அளவுக்குச் சேர்த்துக்கொண்டே இறங்க வேண்டும். போட்டியாக அல்லாமல் நேரடியாகப் பணம் வைத்து நடக்கும் பண ஆட்டங்களில் முழுநேரமாக ஆடுபவர்கள், ஒரு மேசையில் முழுமையாக உட்காரத் தேவைப்படும் தொகையைப்போல் 30 முதல் 50 மடங்கு வைத்திருப்பது நல்லது. போட்டிகளுக்கு 100 மடங்கும் போதாமல் போகலாம். பெரும்பாலான போட்டிகளில் கலந்துகொள்பவர்களில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதத்தினருக்குத்தான் பரிசுப் பணம் கிடைக்கிறது, அதிலும் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்கே போய்விடுகிறது. இந்தக் கைமுதலுக்கு அப்பால், வீட்டுச் செலவுக்கென ஓராண்டுப் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகையைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மாதத்திலும் அதை உயர்த்தாதீர்கள். கைமுதல் குறைந்தால் சிறிய பந்தய மேசைக்கு இறங்குவதில் எந்த இழிவும் இல்லை. இறங்க மனமில்லாதவர்தான் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இழக்கிறார்.

2003-ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், 86 டாலர் இணையத் தகுதிப் போட்டி வழியாக வந்த கிறிஸ் மணிமேக்கர் 839 பேரை உள்ளடக்கிய களத்தில் வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். 2006-இல் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். அவர் கதையைக் கேட்டு வருபவர்கள் ஸ்டூ உங்கரின் கதையையும் படிக்க வேண்டும். அந்தப் போட்டியை 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வென்ற அவரைவிடத் திறமையானவர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். ஆனாலும் மேசையில் வென்ற பணம் மற்ற பந்தயங்களிலும் போதைப்பொருளிலும் கரைந்துபோக, 1998-இல், 45 வயதில், கையில் ஏறக்குறைய எதுவும் இல்லாமல் இறந்தார். போக்கரில் லாபம் ஈட்டும் உங்களுக்கு வேறு எந்தச் சூதாட்டத்திலும் பழக்கம் இருந்தால், இந்தத் தொழில் உங்களுக்கானதன்று என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முடிவையும் அதன் விளைவிலிருந்து பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஓர் உதாரணம். ஹோல்டெமில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக மேசையில் ஐந்து. அவற்றில் நான்கு பொதுச் சீட்டுகள் விழுந்திருக்கின்றன, ஒன்று பாக்கி. உங்களிடம் இரண்டும் மேசையில் இரண்டுமாக நான்கு ஸ்பேட் சீட்டுகள் உள்ளன. ஐந்தாவது ஸ்பேடும் வந்தால் ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. பாட் தொகை 100 ஆக இருக்க, எதிராளி 50 பந்தயம் கட்டுகிறார். நீங்கள் 50 கொடுத்தால் 150 வெல்ல வாய்ப்பு. அது நஷ்டமில்லாமல் சரிக்குச் சரியாக அமைய 25 சதவீத வாய்ப்பாவது வேண்டும். நீங்கள் பார்க்காத 46 சீட்டுகளில் ஸ்பேட் 9 தான், 20 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே வேறு ஆதாயம் இல்லையென்றால் சீட்டை வைத்துவிட வேண்டும். ஃபிளஷ் விழுந்தபின் எதிராளியிடமிருந்து சராசரியாக இன்னும் 56 ஆவது கறக்க முடியும் என்று அவர் ஆடும் விதத்தைப் பார்த்து நம்பினால் மட்டுமே தொடரலாம். அப்படித் தொடர்ந்து தோற்றாலும் முடிவு சரியானதே. கணக்குப் பார்க்காமல் தொடர்ந்து ஸ்பேட் விழுந்து வென்றாலும் முடிவு தவறானதே. ஆடி முடித்த பின் அன்றைய கடினமான ஐந்தாறு ஆட்டங்களை எழுதிவைத்து, மறுநாள் தெளிந்த மனத்தோடு இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

இன்றைய எதிராளிகள் கணினியை வைத்துப் படிக்கிறார்கள். 2019-இல் புளூரிபஸ் என்ற செயற்கை நுண்ணறிவு, ஆறு பேர் ஆடும் நோ லிமிட் ஹோல்டெமில் முதல்தர ஆட்டக்காரர்களை வென்றது. ஒரு நிலையில் எப்படி ஆடுவது சிறந்தது என்று கணக்கிட்டுச் சொல்லும், சால்வர் எனப்படும் மென்பொருள்களோ அதற்கும் முன்பிருந்தே பலர் கையில் இருந்தன. அவை தரும் விடைகளை மனப்பாடம் செய்வதைவிட, அந்த விடை ஏன் வந்தது என்பதைத் தோண்டிப் பார்ப்பதுதான் மேசையில் உதவும். ஆடும் நேரத்திலேயே மென்பொருளின் உதவியை நாடுவது ஏமாற்று வேலை, இணைய ஆட்டத் தளங்கள் அதற்காக உங்கள் கணக்கை முடக்கும். படிப்பைவிடவும் உடனே பலன் தருவது மேசையைத் தேர்ந்தெடுப்பது: உங்களைவிட வல்லவர்கள் ஐந்து பேர் இருக்கும் மேசையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தோல்வியின் எரிச்சலில் நிதானம் இழந்து ஆடுவதை டில்ட் என்பார்கள். அது வராத மனிதர் இல்லை. குறிப்பிட்ட தொகை போனால் அன்றைக்கு எழுந்துவிடுவது, தூக்கம் கெட்ட நாளில் உட்காராதிருப்பது ஆகியவற்றை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எழ நினைத்தும் எழ முடியவில்லை, வீட்டாரிடம் தொகையை மறைக்கிறீர்கள், கடன் வாங்கி ஆடுகிறீர்கள் என்றால் அது தொழில் அன்று, நோய். ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாட வேண்டும்.

மற்றவர் போடும் பணத்தில் ஆடுவதாக இருந்தால் லாபப் பங்கு எவ்வளவு, நஷ்டத்தை முதலில் ஈடுகட்டிய பிறகுதான் பங்கா, ஒப்பந்தம் எப்போது முடியும் என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் முழுவதையும் ஒரே இணையத் தளத்தில் விட்டுவைக்கவும் வேண்டாம். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்கள்மீது நடவடிக்கை எடுத்தபோது, ஃபுல் டில்ட் தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர்கள் அதைத் திரும்பப் பெற 2014 வரை காத்திருக்க நேர்ந்தது.

முழுநேரமாக இறங்கும் நாளிலேயே, எந்த நிலையில் பழைய வேலைக்குத் திரும்புவது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். கைமுதல் எந்த அளவுக்குக் குறைந்தால், அல்லது எத்தனை ஆயிரம் ஆட்டங்களுக்குப் பிறகும் லாபம் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள் என்பதை எண்ணாக எழுதி, கணக்கு நோட்டின் ஒரு பிரதியோடு வீட்டில் நீங்கள் மதிக்கும் ஒருவரிடம் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.