ஆட்குறைப்பா? பெயர்ப் பட்டியலைக் கடைசியில் போடுங்கள்

நான் மேனேஜராக இருந்த குழுவில் ஒருமுறை ஏழு பேரை அனுப்ப வேண்டி வந்தது. பாதி வேலையை ஒழுங்காகச் செய்தேன், மீதியில் சொதப்பினேன். புதிய ஆளெடுப்பை நிறுத்துவது, மேல்மட்டச் சம்பளத்தில் கை வைப்பது எல்லாம் பார்த்தாகிவிட்டது, வேறு வழியே இல்லை என்ற கட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

1. நாள் கணக்கு. இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 1988-ஆம் ஆண்டு வார்ன் சட்டம் பெரிய நிறுவனங்களின் கூட்டு ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. வக்கீலிடம் பேசிவிட்டுத் தேதி குறியுங்கள்.

2. அளவுகோல். எந்த வேலை இனி தேவையில்லை என்பதுதான் முதல் கேள்வி. ஒரே வேலையை ஐந்து பேர் செய்து, இருவர் போக வேண்டும் என்றால் எதை வைத்து முடிவு செய்வீர்கள்? திறன், கடந்த மதிப்பீடுகள், பணிக்காலம் என்று எழுதித் தேதி போடுங்கள். பெயர்களை அப்புறம்தான் எடுக்க வேண்டும். பெயரை மனதில் வைத்துக்கொண்டு அளவுகோல் எழுதினால், அது அந்தப் பெயருக்கே அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிடும்.

இதற்கென்று விற்கும் எச்.ஆர். மென்பொருள்கள் எனக்குப் பிடிக்காது. சாதாரண எக்செல் போதும். இரண்டு மேனேஜர்கள் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். பட்டியலில் பெண்களோ வயதானவர்களோ மட்டும் குவிந்திருந்தால் அளவுகோலில் கோளாறு.

3. சொல்லும் நாள். நான் சறுக்கியது இங்கேதான். காலை 9 மணிக்கு லாகினை முடக்கச் சொல்லி ஐடி குழுவிடம் முந்தின நாளே கொடுத்துவிட்டேன். முதல் சந்திப்பு அரை மணி தள்ளிப்போனது. அதை அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். பதினொரு வருடம் வேலை பார்த்த ஒருவர், கடவுச்சொல்லை மறந்துவிட்டோமோ என்று மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே உதவி கேட்டு வந்தார். அதனால் மணி பார்த்து முடக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் பேசி முடித்தபின் நீங்களே ஐடிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சொந்தப் படங்களை, தொடர்பு எண்களை எடுத்துக்கொள்ள நேரமும் கொடுங்கள்.

4. பேச்சு. தனியாக, நேரில். தொலைவில் இருப்பவரென்றால் வீடியோவில், ஆனால் ஒருவர் ஒருவராக. முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது" என்று ஆரம்பித்தால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். கடைசி நாள், இழப்பீடு, மீதி விடுப்புப் பணம், காப்பீடு எதுவரை, அனுபவச் சான்றிதழ் எப்போது: எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். அந்த நேரத்தில் காதில் எதுவும் ஏறாது.

5. மீதிப் பேர். அன்றைக்கே கூட்டிப் பேசுங்கள். "இனி யாரும் போகமாட்டார்கள்" என்று மட்டும் வாக்கு கொடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: மகப்பேறு விடுப்பில் இருப்பவரைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். உலகத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை (1982), அந்த விடுப்பையே நீக்கத்துக்குக் காரணமாக்கக் கூடாது என்கிறது. மதிப்பெண் போடும்போது அவர் வேலையில் இருந்த மாதங்களை மட்டும் கணக்கில் எடுங்கள். என் பழைய எக்செல் மொத்த வருடத்தால் வகுத்தது, அதைத் திருத்திவிட்டேன்.