விர்ச்சுவல் மரபுரிமையில் கன்ஸ்ட்ரக்டர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி++ மொழியில் ஒவ்வொரு வகுப்பின் கன்ஸ்ட்ரக்டரும் (பொருள் உருவாகும்போது இயங்கும் ஃபங்ஷன்) தனக்கு நேர்மேலே உள்ள அடிப்படை வகுப்பின் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் என்பது நாம் முதலில் கற்கும் விதி. ஓர் அடிப்படை வகுப்பு பல வழிகளில் வந்தாலும் பொருளுக்குள் அதன் ஒரே பிரதி இருக்கும்படி செய்யும் விர்ச்சுவல் மரபுரிமையில் இந்த விதி மாறிவிடுகிறது. விர்ச்சுவல் அடிப்படை வகுப்பை உருவாக்கும் பொறுப்பு, எந்த வகுப்பின் பொருளை நாம் உருவாக்குகிறோமோ அந்தக் கடைசி வகுப்புக்கு மட்டுமே உரியது. இடைப்பட்ட வகுப்புகள் அதற்கென எழுதிவைத்த அழைப்புகள் அப்போது செயல்படுவதே இல்லை.

‘இணைப்பு’ என்றொரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கன்ஸ்ட்ரக்டர் காத்திருப்பு நேரத்தை நொடிகளில் பெறுகிறது. எதுவும் தராவிட்டால் 0 என வைத்துக்கொள்கிறது. ‘வாசிப்பான்’, ‘எழுதுவான்’ இரண்டும் அதிலிருந்து விர்ச்சுவலாக வருகின்றன. முன்னது 30 என்றும் பின்னது 5 என்றும் அனுப்புகின்றன. இவ்விரண்டிலிருந்தும் வரும் ‘இருவழி’யின் கன்ஸ்ட்ரக்டர், பெற்றோர் இருவரை மட்டும் அழைத்துவிட்டு இணைப்பைக் குறிப்பிடாமல் விட்டால், காத்திருப்பு நேரம் 30ஆகவும் இருக்காது, 5ஆகவும் இருக்காது, 0ஆகவே இருக்கும். வாசிப்பானும் எழுதுவானும் இணைப்புக்கென எழுதிய அழைப்புகளுக்குள் ஏதேனும் ஃபங்ஷன் இருந்தால் அதுவும் இயங்காது. வாசிப்பானைத் தனியே சோதிக்கும்போது 30 சரியாகவே கிடைப்பதால், சோதனைகள் எல்லாம் தேறிய பிறகும் இந்தப் பிழை உள்ளேயே தங்கிவிடும் என்பதுதான் கவலைக்குரியது.

ஆகவே, விர்ச்சுவல் அடிப்படை வகுப்புக்கு உண்மையில் ஒரு மதிப்பு தேவையென்றால், மதிப்பின்றி அழைக்கத்தக்க கன்ஸ்ட்ரக்டரை வசதிக்காக அதில் வைக்காதீர்கள். அது இல்லாவிட்டால், இருவழி இணைப்பைக் குறிப்பிட மறந்த இடத்திலேயே கம்பைலர் நிறுத்திவிடும். இருவழியிலிருந்து பின்னர் வரும் ஒவ்வொரு வகுப்பும் இணைப்பை நேரடியாக அழைத்தாக வேண்டும் என்பது இதில் உள்ள சுமை. மறைந்திருக்கும் 0ஐத் தேடுவதைவிட இந்தச் சுமையே மேல் என்பது என் கருத்து. மொழியின் ஸ்டாண்டர்ட் நூலகம் வேறு வழியில் செல்கிறது: உள்ளீட்டுக்கான ஐஸ்ட்ரீம், வெளியீட்டுக்கான ஓஸ்ட்ரீம் இரண்டுக்கும் விர்ச்சுவல் அடிப்படையான ஐஓஎஸ் வகுப்பின், மதிப்பின்றி அழைக்கத்தக்க கன்ஸ்ட்ரக்டர் உறுப்புகளுக்கு மதிப்பளிப்பதில்லை, இனிட் என்னும் ஃபங்ஷனை அழைத்த பிறகே அப்பொருள் பயன்பாட்டுக்கு வருகிறது.

நகலெடுக்கும் கன்ஸ்ட்ரக்டரை நாமே எழுதும்போது இதே தவறு இன்னும் எளிதாக நேர்கிறது. மூலப் பொருளை வாசிப்பானுக்கும் எழுதுவானுக்கும் அனுப்பிவிட்டு இணைப்பை விட்டுவிட்டால், நகலில் இணைப்பு புதிதாக உருவாகி மீண்டும் 0உடன் நிற்கும். கம்பைலர் தானாக உருவாக்கித் தரும் நகல் கன்ஸ்ட்ரக்டர் இதைச் சரியாகச் செய்கிறது என்பதால், தேவையில்லாமல் அதை மாற்றி எழுதாதிருப்பது நல்லது. மாறாக, தானாக உருவாகும் மதிப்பிடல் ஆபரேட்டர் (ஒரு பொருளின் மதிப்பை மற்றொன்றுக்குத் தரும் = குறி) விர்ச்சுவல் அடிப்படையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மதிப்பிடக்கூடும். அதை மொழியின் தரநிலை வரையறுக்காமல் விட்டிருக்கிறது.

அடுத்தது வரிசை. விர்ச்சுவல் அடிப்படைகள் எல்லாவற்றுக்கும் முன்பாக உருவாகின்றன. பிறகு ஏனைய அடிப்படை வகுப்புகள், அதன்பின் உறுப்புகள், கடைசியில் கன்ஸ்ட்ரக்டரின் உடல். கன்ஸ்ட்ரக்டரின் உடலுக்கு முன்னுள்ள தொடக்கப் பட்டியலில் நாம் எழுதும் வரிசை இதை மாற்றாது. இருவழி தன் உறுப்பு ஒன்றில் நேரத்தைச் சேமித்துவைத்து, அந்த உறுப்பையே இணைப்புக்கு அனுப்பினால், இன்னும் மதிப்புப் பெறாத உறுப்பைத்தான் படிக்கிறது. கன்ஸ்ட்ரக்டருக்கு வந்த மதிப்பையே நேராக அனுப்ப வேண்டும்.

விர்ச்சுவல் என்னும் சொல்லை வாசிப்பானில் எழுதி எழுதுவானில் விட்டுவிட்டால் இருவழிக்குள் இரண்டு இணைப்புகள் உருவாகும். அதன் உறுப்பை இருவழி வழியாகத் தொட்டால் கம்பைலர் தெளிவின்மை என்று சொல்லும், தொடாதவரை சொல்லாது.

வடிவமைக்கும் நிலையிலேயே செய்யத்தக்கது ஒன்று உண்டு. வாசிப்பானும் எழுதுவானும் தனியே பொருளாக உருவாகத் தேவையில்லை என்றால், அவற்றை அருவ வகுப்புகளாக, அதாவது தனியே பொருளாக உருவாக்க முடியாத வகுப்புகளாக, ஆக்கிவிடலாம். சி++11 முதல், அருவ வகுப்பின் கன்ஸ்ட்ரக்டர் விர்ச்சுவல் அடிப்படைக்கு எந்த மதிப்பும் தரத் தேவையில்லை. எனவே படிப்பவரை ஏமாற்றும் அந்த 30ஐயும் 5ஐயும் நீக்கிவிட்டு, உண்மையில் பயன்படும் எண்ணை இருவழியில் மட்டும் எழுதலாம்.