கூலிங் டவரும் லெஜியோனெல்லாவும்: ‘ரிப்போர்ட் க்ளீன்’ என்று நம்பி விடாதீர்கள்

பெரிய கட்டடங்களின் ஏசி தண்ணீரை ஆற வைக்கும் கூலிங் டவர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் சேர்ந்த காலத்தில் எங்கள் செட் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். மருந்து டிரம் காலியானதைப் பார்க்காமல் விடுவது, மிதவை வால்வு ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காதது போன்றவை முதல் மாதத்திலேயே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஆள் உயிர் போகக்கூடிய தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஏசி சிஸ்டத்தில் சூடேறிய தண்ணீர் டவரின் மேலிருந்து ஃபில் (தண்ணீரைப் பரப்பிவிடும் தகடு அடுக்கு) வழியாகக் கொட்டுகிறது, ஃபேன் காற்றை இழுக்கிறது, நுண்ணிய திவலைகள் வெளியே போகின்றன. அந்தத் தண்ணீர் பெரும்பாலும் 30 முதல் 35 டிகிரி வரை இருக்கும். லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி நன்றாகப் பெருகுவதும் அந்தச் சூட்டில்தான். திவலையைச் சுவாசித்தவருக்கு 2 முதல் 14 நாட்களுக்குள் நிமோனியா வரலாம். அவர் அந்தக் கட்டடத்துக்குள் காலே வைத்திருக்க மாட்டார், தெருவில் நடந்து போயிருப்பார். அவரால் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழியும் இல்லை. டவரைப் பார்த்துக்கொள்ளும் நாம்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும்.

டவரைப் பதிவு செய்யாமல் விடுவது

2015 கோடையில் நியூயார்க்கின் சவுத் பிராங்ஸ் பகுதியில் நோய் பரவியபோது, நகரத்தில் எந்தக் கூரையில் டவர் இருக்கிறது என்ற முழுப் பட்டியல் சுகாதாரத் துறையிடம் இல்லை. 138 பேருக்கு நோய் வந்தது, 16 பேர் இறந்தார்கள். பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் அதே ஆண்டு வந்தது. உங்கள் ஊரில் பதிவு முறை இருந்தால் இன்றே செய்யுங்கள்.

ஷாக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். டெஸ்டில் லெஜியோனெல்லா வருகிறது. எல்லோரும் பதறுகிறார்கள். கான்ட்ராக்டர் வந்து குளோரினை ஏற்றுகிறார்: குறைந்தது 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), 6 மணி நேரம். இதுதான் ஷாக். அப்புறம் சாம்பிள் எடுக்கிறார்கள், கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வருகிறது. ஃபைலை மூடிவிட்டு, அடுத்த டெஸ்ட் தேதி வரை யாரும் டவர் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு அலுவலக வளாகத்தில் நான் பார்த்தது இது. பையன் ஓடி வந்தான். “அண்ணே, ரிப்போர்ட் க்ளீன்!”

“சாம்பிள் எப்ப எடுத்தீங்க தம்பி?”

“மருந்து போட்ட அன்னைக்கே, பேசின்லருந்து.”

பேசின் என்பது டவரின் அடித்தொட்டி. அங்கே மருந்து ததும்பி நிற்கும் தண்ணீரில் உயிரோடு எது கிடைக்கும்? சாம்பிள் பாட்டிலில் குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். லேபுக்குப் போகும் வழியெல்லாம் கிருமி செத்துக்கொண்டே போகும். நாம் படிப்பது நமக்கு நாமே எழுதிக்கொண்ட ரிப்போர்ட். கிருமிநீக்கம் செய்து 3 முதல் 7 நாட்களுக்குள் மறு சாம்பிள் எடுக்கச் சொல்கிறது நியூயார்க் விதி. மருந்தின் வேகம் அடங்கிய பிறகு என்ன மிஞ்சியிருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டிய விஷயம்.

அந்த வளாகத்தில் மறுபடி எடுத்த சாம்பிளில் கிருமி வந்தது. திரும்ப ஷாக், திரும்ப க்ளீன் ரிப்போர்ட், திரும்பக் கிருமி. ஒவ்வொரு முறையும் பில் மட்டும் ஏறியது. பைப்லைனை ஆரம்பத்திலிருந்து நடந்து பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு மேனேஜர், “மருந்தைக் கூட்டிப் போட்டால் போதாதா சார்?” என்றார். நடந்து பார்த்ததில், எப்போதோ கழற்றி எடுத்துப்போன பழைய சில்லரின் (ஏசிக்கான குளிரூட்டும் இயந்திரம்) பைப் அப்படியே கிடந்தது. ஒரு முனையில் வால்வு மூடியிருந்தது, மறு முனை ஓடுகிற லைனோடு சேர்ந்திருந்தது. திறந்தால் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று தண்ணீர். இதைத்தான் டெட் லெக் என்கிறோம். எந்த மருந்தும் அதற்குள் போகவில்லை. ஒவ்வொரு ஷாக்குக்குப் பிறகும் கிருமி அங்கிருந்துதான் திரும்பி வந்துகொண்டிருந்தது. பைப்பை வெட்டி அடைத்தோம், ஃபில்லில் இருந்த உப்புப் படிவைக் கழுவி எடுத்தோம், அதன் பிறகுதான் அடங்கியது.

காரணம் எளிது. லெஜியோனெல்லா தண்ணீரில் தனியாக மிதந்துகொண்டு மட்டும் இருப்பதில்லை. ஃபில்லில், பைப்பில், உப்புப் படிவுக்கு அடியில் படியும் வழுவழுப்பான பயோஃபில்முக்குள் இருக்கிறது. அங்கே மேயும் அமீபாவின் உடலுக்குள்ளும் புகுந்து பெருகுகிறது. ஷாக் டோஸ் மிதப்பதைக் கொல்லும். ஒளிந்திருப்பதில் பெரும்பங்கு தப்பிவிடும். பாசி பிடித்த படியின் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, வழுக்காது என்று நம்புவது போலத்தான் இது.

இது என் ஊகம் இல்லை. சவுத் பிராங்ஸ் சம்பவத்துக்குப் பின் 2015 ஆகஸ்டில் நகரத்து டவர்களையெல்லாம் கிருமிநீக்கம் செய்ய உத்தரவு போட்டார்கள். செப்டம்பர் கடைசியில், பிராங்ஸிலேயே மோரிஸ் பார்க் பகுதியில் 15 பேருக்கு நோய் வந்தது, ஒருவர் இறந்தார். கிருமி கண்ட டவர்கள் அந்த உத்தரவின்படி சில வாரங்களுக்கு முன்புதான் சுத்தம் செய்யப்பட்டவை. 2018-இல் அதே நகரத்தின் லோயர் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் ஜூலையில் 27 பேர், செப்டம்பர், அக்டோபரில் 32 பேர். இரண்டு முறையும் அதே டவர். நடுவில் அதற்குச் சிகிச்சை நடந்திருந்தது.

நியூயார்க் விதிக்கும் இதில் பங்கு உண்டு. 2015-க்குப் பின் 90 நாளுக்கு ஒரு முறை லெஜியோனெல்லா டெஸ்ட் என்று வந்ததும், பலர் அந்த நாளுக்காக மட்டும் டவரைத் தயார்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் வரவே 10 நாளுக்கு மேல் ஆகும். அதாவது கையில் இருக்கும் தாள் பழைய தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது. 2025 கோடையில் நியூயார்க்கின் சென்ட்ரல் ஹார்லெமில் 114 பேருக்கு நோய் வந்து 7 பேர் இறந்த பிறகு, டெஸ்டை மாதம் ஒரு முறை என்று மாற்றச் சட்டம் செய்தார்கள். நல்லதுதான். ஆனால் டெஸ்ட் எதையும் கொல்லாது. தினமும் மருந்து அளவு, ஒழுங்கான ப்ளோடவுன் (உப்பேறிய தண்ணீரை வெளியேற்றுவது), வாரம் ஒரு டிப் ஸ்லைடு (தண்ணீரில் தோய்த்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பட்டை), ஓடாமல் நிற்கும் ஸ்டாண்ட்பை பம்ப்பையும் டவர் தொட்டிகளை இணைக்கும் ஈக்வலைசர் லைனையும் முறை வைத்து ஓட்டிவிடுவது ஆகியவைதான் தெருவில் போகிறவரைக் காப்பாற்றும். டிப் ஸ்லைடு லெஜியோனெல்லாவைக் காட்டாது, மொத்தக் கிருமி ஏறுவதைக் காட்டும். அது ஏறினாலே உங்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம், லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

திறந்தவெளியில் பிரஷர் வாஷ்

பிரான்சின் பா-து-கலே பகுதியில் 2003 நவம்பரில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் டவர்களிலிருந்து நோய் கிளம்பியது. ஆலையை நிறுத்தினார்கள், நோயாளிகள் குறைந்தார்கள். பிறகு டவர்களை உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். இரண்டாவது அலை எழுந்தது. மொத்தம் 86 பேர், இறந்தவர்கள் 18 பேர். குறைந்தது 6 கிலோமீட்டர் தூரம் வரை கிருமி போயிருந்தது. சுத்தம் செய்த நீரே புகையாய்ப் பறந்து ஊருக்குள் போனது.

ஆகவே முதலில் கிருமிநீக்கம், அதன் பிறகு கழுவுதல். ஃபேன் நிற்க வேண்டும், டவரைச் சுற்றி மூட வேண்டும். ஃபில்லைக் கழற்றி வைத்து மெதுவாகக் கழுவ முடியுமென்றால் பிரஷரைத் தொடவே வேண்டாம்.

பிஎச் பார்க்காமல் குளோரின்

பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு. பிஎச் 7.5-இல் குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8.5-இல் பத்தில் ஒரு பங்கு. டவர் தண்ணீர் 8-க்கு மேல் நிற்பது வழக்கம். புரோமினுக்கு மாறுங்கள், இல்லையென்றால் பிஎச்சை இறக்குங்கள்.

புது டவர்தானே என்பது

மெல்போர்ன் அக்வேரியம் 2000 ஜனவரியில் திறந்தது. ஏப்ரலில் அதன் டவரிலிருந்து 125 பேருக்கு நோய், 4 பேர் மரணம்.

மருந்து ஒப்பந்தத்தில் மிச்சம் பிடிப்பது

இங்கிலாந்தின் பாரோ நகரில் 2002-இல் ஒரு கலை மையத்தின் ஏசி சிஸ்டத்தால் 7 பேர் இறந்தார்கள். நீர்ச் சிகிச்சை அதன் பராமரிப்பு ஒப்பந்தத்திலிருந்து விட்டுப்போயிருந்தது.

நிறுத்தி வைத்த டவரை அப்படியே ஓட்டுவது

கூடாது.

நம் காய்ச்சலை நாமே அலட்சியப்படுத்துவது

டவரில் ஏறும் பையன்கள் துணி மாஸ்க் கட்டிக்கொண்டு போகிறார்கள். அது திவலையை நிறுத்தாது. முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 போடுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு ஏறுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் மாத்திரைக் கடையோடு நிற்காதீர்கள். கூலிங் டவரில் வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் சிறுநீர் ஆன்டிஜன் டெஸ்ட் எழுதுவார். பென்சிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் பலிக்காது. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை கேட்கும், அவற்றையும் தாமதிக்காமல் தொடங்க வேண்டும்.