தீசிஸுக்கு ஸ்கேன் படம் அனுப்பும் முன்: நோயாளியின் அடையாளத்தை நீக்குவது எப்படி?

தீசிஸ் எழுதும் நீங்கள் ஐம்பது, அறுபது ஸ்கேன்களை வெளியூர் ஆய்வுக்குழு ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். பாதி, ஆஸ்பத்திரி பேக்ஸிலிருந்து (ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பு) எடுத்தவை. மீதி, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து ஸ்கேன் சென்டர்களில் படங்களைப் பதிந்து தந்த சிடி டிஸ்க்கை நோயாளிகளே கொண்டுவந்து கொடுத்தவை. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முதலில் அதை வாங்கி வாருங்கள்.

எல்லா வேலையும் நகலில்தான். மூலக் கோப்புகளைத் தொடக்கூடாது.

படி 1: புது எண்

ஒவ்வொருவருக்கும் 001, 002 என்று எண் கொடுங்கள். வந்த வரிசையில் கொடுக்காமல் கலைத்துக் கொடுங்கள். ஓபி நம்பரை ஹாஷ் செய்து (ஒரு கணக்கீட்டால் வேறொரு குறியீடாக மாற்றி) அதையே புது எண்ணாக வைப்பது பலர் செய்யும் தவறு. எட்டு இலக்க எண்ணில் இருப்பதே 10 கோடி சாத்தியங்கள்தான். சாதாரண லேப்டாப்பே அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுவிடும். எந்த எண் யாருடையது என்ற பட்டியலுக்குப் பாஸ்வேர்டு போட்டு தீசிஸ் கைடின் கணினியில் வையுங்கள். படங்கள் இருக்கும் டிரைவில் அது இருக்கவே கூடாது.

படி 2: ஹெடர்

ஸ்கேன் படங்கள் டைகாம் என்ற வடிவத்தில்தான் இருக்கும். டைகாம் கோப்பின் தலைப்பகுதியில் (ஹெடர்), அடைப்புக்குள் உள்ள எண்களால் குறிக்கும் கட்டங்களில் (டேக்குகள்), பெயர் (0010,0010), நோயாளி எண் (0010,0020), பிறந்த தேதி (0010,0030), ஆஸ்பத்திரி பெயர் (0008,0080), அனுப்பிய டாக்டர் (0008,0090), அந்த ஸ்கேனின் பதிவு எண்ணான அக்சஷன் நம்பர் (0008,0050) எல்லாம் இருக்கும். இவற்றை எந்தக் கருவியும் நீக்கிவிடும். வம்பு செய்வது கையால் டைப் செய்யும் கட்டங்கள். ரிசப்ஷனில் இடம் போதாமல் செல் நம்பரை நோயாளிக் குறிப்பில் (0010,4000) போட்டிருப்பார்கள். டாக்டர் பெயர் ஸ்டடி விவரத்தில் (0008,1030) ஏறியிருக்கும். எழுத்தாக எதையும் டைப் செய்யக்கூடிய கட்டங்களை மொத்தமாகக் காலி செய்வதுதான் என் பழக்கம்.

குழு எண் (அடைப்புக்குள் முதலில் வருவது) ஒற்றைப்படையாக இருப்பவை மெஷின் கம்பெனிகள் தாங்களே சேர்க்கும் பிரைவேட் டேக்குகள், அவற்றையும் நீக்க வேண்டும். ஆனால் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ என்றால் பொறுங்கள்: சில பழைய மெஷின்களில் ஆய்வுக்குத் தேவையான பி-வேல்யூ (டிஃப்யூஷன் அமைப்பைச் சொல்லும் எண்) அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

தேதிகளை அழிக்காமல் நகர்த்துங்கள். ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு ரேண்டம் எண். அவருடைய எல்லாத் தேதியிலும் அத்தனை நாளைக் கழியுங்கள். காசநோயாளியின் முதல் எக்ஸ்ரேக்கும் இரண்டாம் மாத, ஆறாம் மாத எக்ஸ்ரேக்கும் உள்ள இடைவெளி அப்போதுதான் மாறாது.

கருவி? கோடு எழுதத் தெரியாதவர்களுக்கு டைகாம்கிளீனர் போதும், இலவசம். நூற்றைத் தாண்டினால் பைத்தானில் கோடு எழுதிப் பயன்படுத்தும் பைடைகாம். ஆன்லைனில் ஏற்றினால் அடையாளம் நீக்கித் தரும் தளங்கள் பக்கமே போகாதீர்கள். நீக்குவதற்கு முன்பே படம் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறதே.

படி 3: யூஐடி

ஒவ்வொரு ஸ்கேனுக்கும், அதன் சீரிஸுக்கும், படத்துக்கும் உள்ள தனி அடையாள எண்தான் யூஐடி. பல மெஷின்கள் தங்கள் சீரியல் நம்பரையும் ஸ்கேன் எடுத்த நாள், நேரத்தையும் யூஐடிக்குள்ளேயே எழுதிவிடும். தேதியை நகர்த்திவிட்டு இதை விட்டுவைத்தால் பயனில்லை. அதற்காகக் கோப்புக்குக் கோப்பு புது ரேண்டம் யூஐடி போட்டால், 300 ஸ்லைஸ் உள்ள ஒரு சிடி ஸ்கேன் 300 தனி ஸ்கேன்களாகச் சிதறிவிடும். பழைய யூஐடி ஒன்றுக்கு எப்போதும் ஒரே புது யூஐடி வர வேண்டும். பைடைகாமில் யூஐடி உருவாக்கும்போது பழைய யூஐடியோடு உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். மற்ற கோப்புகளைச் சுட்டும் சீக்வென்ஸ்களுக்குள் (ஒரு டேக்குக்குள் அடுக்கிய டேக் தொகுப்புகள்) இருக்கும் யூஐடிகளையும் மறக்காமல் மாற்றுங்கள்.

படி 4: படத்துக்குள் எழுதிய எழுத்து

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். அல்ட்ராசவுண்ட் படத்தின் மேல் ஓரத்தில் பெயர், வயது, சென்டர் பெயர் எல்லாம் பிக்சலாகவே பதிந்திருக்கும். ஹெடரை எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. (0028,0301) டேக் ‘எழுத்து உண்டா’ என்று சொல்லும் என்பார்கள். பல மெஷின்கள் அதை நிரப்புவதே இல்லை. காலியாக இருந்தால் எழுத்து இல்லை என்று அர்த்தமில்லை.

வியூவரில் கறுப்புக் கட்டம் வரைவது மறைப்பதாகாது. அது மேலே ஒட்டிய தனி அடுக்கு, அடியில் பெயர் பத்திரமாக இருக்கும். பிக்சலின் மதிப்பையே மாற்ற வேண்டும். அதை இப்படிச் செய்யுங்கள்:

மெஷின் மாடல், படத்தின் அகலம், உயரம் மூன்றும் ஒத்துப்போகும் படங்களை ஒரு கட்டாகப் பிரியுங்கள். ஒரே மெஷின் இரண்டு அளவில் சேமிக்கும். ஒன்றுக்குப் பார்த்த ஆயத்தொலைவு மற்றதில் பெயரில் பாதியை விட்டுவிடும். (0018,6011) சீக்வென்ஸ் இருந்தால் உண்மையான ஸ்கேன் பகுதி எங்கே என்று அதுவே சொல்லும், அதற்கு வெளியே உள்ள எல்லாவற்றையும் மறையுங்கள். சினி லூப் (ஓடும் படம்) என்றால் எல்லா ஃப்ரேமிலும்.

ஜேபெக்காகச் சுருக்கிய படத்தை முதலில் விரிக்க வேண்டும். சேமிக்கும்போது, படம் எப்படிச் சுருக்கப்பட்டது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபர் சின்டாக்ஸையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு திறக்காது. எல்லா இடத்திலும் 0 போட்டால் கறுப்பு வரும் என்று நம்பாதீர்கள். வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகச் சேமிக்கும் ஒய்பிஆர் வண்ணத்தில் 0 என்பது பச்சை. மதிப்பு கூடக் கூடக் கறுக்கும் மோனோகுரோம்1 எக்ஸ்ரேயில் வெள்ளை.

இவ்வளவும் முடித்த பிறகும் (0088,0200) ஐகான் சீக்வென்ஸில் பழைய படத்தின் குட்டி நகல் பெயரோடு அப்படியே இருக்கலாம். அதை நீக்குங்கள். 60-ல் தொடங்கும் ஓவர்லே குழுக்களையும் (படத்தின் மேல் எழுத்து, கோடு காட்டும் அடுக்குகள்) நீக்குங்கள்.

சிடி ஸ்கேனின் டோஸ் ரிப்போர்ட் (கதிர்வீச்சு அளவு) பக்கத்தையும், ஸ்கேன் செய்து ஏற்றிய ரெக்வெஸ்ட் சீட்டையும் மறைத்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த சீரிஸையே தூக்கி எறியுங்கள். எக்ஸ்ரேயில் இடது, வலது காட்டும் ஈயக்குறி மட்டும் தப்ப வேண்டும்.

படி 5: முகம்

தலை எம்ஆர்ஐயை முப்பரிமாணத்தில் திருப்பினால் முகம் வந்துவிடும். 2019-ல் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 பேரின் எம்ஆர்ஐயை அவர்களுடைய புகைப்படங்களோடு முகம் அறியும் மென்பொருளில் ஒப்பிட்டார்கள்; 70 பேர் சரியாகப் பொருந்தினார்கள். டி1 வகை எம்ஆர்ஐ படங்களுக்கு, முகத்தை நீக்கும் பைடிஃபேஸ் மென்பொருளைப் பயன்படுத்தலாம். மூளையின் முன்பகுதியையும் சேர்த்து வெட்டிவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

படி 6: சோதனை

எல்லாக் கோப்புகளிலும் ஒவ்வொரு டேக்கிலும் மிஞ்சியிருக்கும் மதிப்புகளை ஒரே எக்செல் பட்டியலாக எடுங்கள். 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும் பத்து இலக்க எண்ணைத் தேடுங்கள். பிறகு பெயர்களைத் தேடுங்கள். ‘செந்தில்’ ஆங்கிலத்தில் டி-யோடும் டிஎச்-சோடும் வரும், இரண்டையும் பாருங்கள்.

படத்தோடு போகும் எக்செல் ஷீட்டையும் விடாதீர்கள். ‘காசிமேடு, மீனவர், 62, இடது கையில் இரண்டு விரல் இல்லை’ என்று ஒரு வரி இருந்தால் பெயரே வேண்டாம், துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ‘வடசென்னை, 60–64’ போதும். தொழில் ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் அந்த நெடுவரிசையையே எடுத்துவிடுங்கள்.

அனுப்பும்போது 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 போட்டு, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். பாஸ்வேர்டை அதே மெயிலில் அனுப்பாமல் போனில் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை 1: ‘பவர்பாயின்டில் பெயரை கிராப் செய்துவிட்டேன், போதுமா?’ போதாது. வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் திரும்ப இழுத்துப் பார்க்கலாம். வெட்டிய பகுதிகளை நிரந்தரமாக நீக்கும் தேர்வு ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ பெட்டிக்குள் இருக்கிறது.

பிற்சேர்க்கை 2: சிடி டிஸ்க்கிலிருந்து எடுத்த ஃபோல்டரை அப்படியே அனுப்பாதீர்கள். அதிலுள்ள டைகாம்டிர் என்ற அட்டவணைக் கோப்பில் பழைய பெயரும் எண்ணும் இருக்கும். அதை நீக்கிவிடுங்கள், ஃபோல்டர் பெயரையும் மாற்றுங்கள்.