ஜெர்மனி பிளாக்டு அக்கவுன்ட்: வழியில் குறைந்த யூரோ

ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவான 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுன்ட் எனும் முடக்கிய கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் நம் கைக்கு வரும்.

அப்பா அந்தத் தொகையைக் கச்சிதமாக அனுப்பினார். போய்ச் சேர்ந்ததோ குறைவாக! வங்கிகள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியில் இடைப்பட்ட வங்கி தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டது. கவுன்ட்டரில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் கட்டணத்தை 'எஸ்.எச்.ஏ.' என்று போட்டிருந்தார். அதாவது நம் வங்கியின் கட்டணம் நமக்கு, வழியிலுள்ள மற்ற வங்கிகளின் கட்டணம் பெறுபவருக்கு; அது அனுப்பிய தொகையிலேயே கழியும். முழுத் தொகை சேராமல், பணம் கட்டியதற்கான உறுதிச் சான்று வராது, விசா தேதியோ நெருங்குகிறது.

மீதியை அனுப்பும்போது 'ஓ.யு.ஆர்.' போடச் சொன்னோம். எல்லாக் கட்டணமும் நம் தலையில்தான், ஆனால் தொகை குறையாது. பாதுகாப்புக்கு ஐம்பது யூரோ கூடுதலாகவும் சேர்த்தோம். கணக்கின் ரெஃபரன்ஸ் எண்ணைக் குறிப்பில் எழுத வைத்தோம். சான்று வந்துவிட்டது.