புதியவரை டஞ்சனுக்குக் கூட்டிப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

போன வாரம் எங்கள் ஆன்லைன் கேம் குழுவில் ஒருவன் தன் நண்பனை முதன்முறையாக டஞ்சனுக்கு (சிலர் குழுவாகப் போய் எதிரிகளை வீழ்த்தும் இடம்) கூட்டி வந்தான். வாய்ஸ் சாட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்புகள், ஏறக்குறைய அதே வரிசையில். டேங்க் (எதிரிகளின் அடியைத் தன்மேல் வாங்குபவர்) முன்னால் போக வேண்டும், பாதியில் வெளியேறக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாசலிலேயே பாடம் நடத்துவது

மூன்று பாஸ்களின் (பெரிய எதிரிகளின்) தாக்குதல்களையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. "தரையில் வட்டம் வந்தால் வெளியே வந்துவிடு." முதல் பாஸுக்கு இது போதும். மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அவருக்காக நீங்களே விளையாடிவிடுவது

இன்றும் எரிச்சலூட்டும் தப்பு இதுதான். செய்தவனே நான் என்பதால் எரிச்சல் இன்னும் அதிகம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் ஒரு நண்பன் ஹீலராக, அதாவது மற்றவர்களின் உயிரை ஏற்றுபவனாக, ஆரம்பித்தான். சீக்கிரம் மேலே கொண்டுவந்துவிடலாம் என்று என் உச்ச லெவல் வாரியரோடு டெட்மைன்ஸ் என்ற கீழ் லெவல் டஞ்சனுக்குள் அழைத்துப் போனேன். அறை அறையாக எதிரிகளைச் சேர்த்து இழுத்து, இரண்டு அடியில் சாய்த்தேன். அவன் பின்னாலேயே வந்து லூட் (எதிரிகள் விட்டுப்போகும் பொருட்கள்) பொறுக்கினான். சில நாட்கள் இப்படியே பல டஞ்சன்களில் ஓடியது. லெவல் கிடுகிடுவென ஏறியது. இருவருக்கும் ஒரே சந்தோஷம்.

அப்புறம் அவன் தனியாக, முன்பின் தெரியாத நான்கு பேரோடு போனான். முதல் கூட்டத்தை இழுத்ததுமே டேங்கின் உயிர்ப்பட்டை சரிந்தது. அந்தப் பட்டை இறங்கி அவன் பார்த்ததே இல்லை. பதறிப்போய்ப் பெரிய ஹீலாகக் கொட்டி மானாவை (மந்திர சக்தியை) தீர்த்தான். ஹீல் செய்தாலும் எதிரியின் கவனம் நம் மேல் திரும்பும். டேங்க் அடிக்காமல் விட்ட ஒன்று நேராக அவனிடம் வந்தது. டேங்கை நோக்கி ஓட வேண்டியவன் எதிர்ப்பக்கம் ஓடி, அடுத்த கூட்டத்தையும் எழுப்பிவிட்டான். இரண்டு வைப், அதாவது குழு மொத்தமும் இரண்டு முறை செத்தது. வோட் போட்டு வெளியே அனுப்பினார்கள். "எனக்கு இது வராதுடா" என்றான். அதோடு அவன் லாகின் செய்யவே இல்லை.

அவனுக்கு வரவில்லை என்பது பொய். கற்க வேண்டிய இடத்தை நான் தாண்ட வைத்துவிட்டேன். கீழ் லெவலில் கையில் நான்கைந்து ஸ்கில்தான் இருக்கும்; தப்பு செய்தாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்தால்தான் விரல்களுக்குப் பழகும். என் நண்பனுக்கு இருபது பொத்தானும் ஒரே நாளில் வந்து நின்றன.

ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இன்னொரு கேமில் உயர்ந்த லெவல்காரர் பழைய டஞ்சனுக்குள் போனால் அந்த டஞ்சனின் லெவலுக்கே இறக்கிவிடுவார்கள். அதை நீக்கும் வசதியும் உண்டு. புதியவர் கூட இருக்கும்போது அதைத் தொடாதீர்கள். தொடாவிட்டாலும் அவசரம் இருக்கிறதே! முதல் டஞ்சனான சஸ்டாஷாவில் சிவப்பு, நீலம், பச்சை என மூன்று பவளங்கள். எதைத் தொடுவது என்பது வழியில் கிடக்கும் ரத்தக்கறை படிந்த குறிப்பில் இருக்கும். நிறம் ஒவ்வொரு முறையும் மாறும். பழகியவர்கள் ஓடிப்போய்த் தொட்டுவிடுவார்கள். அப்படி ஒரு குறிப்பு இருந்ததே புதியவருக்குத் தெரியாமல் போகும். இப்போதெல்லாம் நான் பவளத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். சும்மா நிற்பது கஷ்டம்தான்.

கட்சீனை (நடுவில் வரும் கதைக் காட்சியை) ஸ்கிப் செய்யச் சொல்வது

சொல்லாதீர்கள்.

புதியவர் என்பதை மறைப்பது

சாட்டில் "முதல் தடவை" என்று போடச் சொல்லுங்கள். ஃபைனல் ஃபேன்டசியில் முதல் தடவை வருபவர் குழுவில் இருந்தால் மற்றவர்களுக்கும் போனஸ் உண்டு, முகம் சுளிக்க மாட்டார்கள். அதற்கும் கூச்சப்பட்டால், கணினியே துணைக்கு ஆட்களைத் தரும் முறை இரண்டு கேம்களிலும் இருக்கிறது, வார்கிராஃப்டில் 2024லிருந்து. ஒன்றிரண்டு முறை அதில் போகட்டும். அங்கேயே தங்க விடாதீர்கள்; பொறுமையில்லாத மனிதர்களோடு ஓடும் பழக்கம் அதில் வராது.

லூட்

பொருளைப் பங்கிடும்போது வரும் நீட் (எனக்குத் தேவை), கிரீட் (கிடைத்தால் சரி) வித்தியாசத்தை முதல் பாஸ் விழும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வைப் ஆனதும் தீர்ப்பு சொல்வது

"ஏன் அங்கே நின்றாய்?" என்று கேட்டால் "சாரி" தவிர வேறு பதில் வராது. "என்ன தெரிந்தது?" என்று கேளுங்கள். போன வாரம் வந்த அந்தப் புதுப் பையனிடம் அப்படித்தான் கேட்டேன். "அந்த வட்டம் ஹீலர் போட்டது என்று நினைத்தேன் அண்ணா, அதனால்தான் தேடிப்போய் உள்ளே நின்றேன்" என்றான்.